ஆளுக்கொரு கொக்கி

காலையில் குடோன் கதவு திறந்ததும் மேஸ்திரி நாகப்பன் ஜோடி கூப்பிடுவான். அவன் வாயில் பேர் வந்தால்தான் அன்றைக்கு அடுப்பு எரியும். வேலப்பன்சாவடி நெடுஞ்சாலையோரம் இருந்த அந்த லாரி குடோனில் தனி ஆளுக்கு வேலை கிடையாது. நூறு கிலோ மூட்டையின் இரண்டு காதிலும் பொதுப் பெட்டியிலிருந்து எடுத்த கொக்கியை மாட்டி இரண்டு பேர் ஒரே மூச்சில் எழுப்ப வேண்டும். அது எழும்பின வாக்கிலேயே ஒருத்தன் திரும்பி முதுகைக் கொடுக்க வேண்டும். மற்றவன் பின்னாலேயே கொக்கியால் தாங்கிக்கொண்டு வருவான். நடைக்கு நடை முறை மாறும். பின்னால் வருகிறவன் கை நழுவினால் முன்னால் போகிறவன் முதுகு கிழியும். அதனால் யாரோடு யார் நிற்பது என்பதை மேஸ்திரி முடிவு செய்வதில்லை. ஆட்களே டீக்கடையில் பேசி வைத்துக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்பார்கள். நாகப்பன் கல்யாணப் பத்திரிகை மாதிரி இரண்டு பேரையும் சேர்த்துச் சொல்வான், அவ்வளவுதான். ஜோடி இல்லாமல் நிற்கிறவனை அவன் கண் தாண்டிப் போய்விடும்.

அந்த வாரம் முழுக்க மதுரைவீரனைத் தாண்டிப் போனது.

அவன் தூணோரம் நின்றான். சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு, தலைத்துண்டைச் சும்மாடாகச் சுருட்டிக்கொண்டு, எல்லாரையும் போலத்தான் நின்றான். இத்தனை வருஷம் அவனோடு நின்றவன் வேறு ஒருத்தன் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். கடைசிப் பேரும் கூப்பிட்டு முடிந்த பிறகு மதுரைவீரன் சட்டையை மாட்டிக்கொள்வான். பட்டன் போட அவனுக்கு வெகுநேரம் பிடிக்கும்.

ஒரு நாள் வேம்புலிக்குப் பொறுக்கவில்லை. வரிசையை விட்டு வெளியே வந்தான்.

"மேஸ்திரி, நான் வீரன்கூட நிக்கிறேன். பேர சேத்துக் கூப்புடு."

"நீ கன்னியப்பன் ஜோடியாச்சே?"

"மாத்திக்கினேன்."

"நீ இன்னா வோணா மாத்திக்கோ. கொக்கிப் பொட்டியில அவன் கை பட்டுச்சுன்னா ஒருத்தனும் அப்பால பொட்டியாண்ட வரமாட்டானாம். நானா சொல்றேன்? நீயே கேளு."

கேட்கத் தேவையில்லாமல் கன்னியப்பனே பதில் சொன்னான். "அவுருக்கு இன்னா மேஸ்திரி பயம்? பலூன்காரரு. தல கால் எல்லாம் ரப்பர் மாட்டிகினு தூக்குவாரு."

குடோனே சிரித்தது. மதுரைவீரன் மட்டும் கதவைத் தாண்டிப் போய்விட்டிருந்தான்.

பலூன்காரன் என்பது வேம்புலிக்கு விழுந்த பட்டப்பெயர். நல்லொளி என்று ஒரு நிறுவனம் மேனாம்பேட்டில் இருந்தது. வெளிநாட்டுக் காசில் எய்ட்ஸ் தடுப்பு வேலை செய்யும் நிறுவனம். லாரி ஆட்களிடம் பேச லாரி ஆளே வேண்டும் என்று அவர்கள் வேம்புலியைப் பிடித்தார்கள். அவனும் வாய்க்காரன். சாயங்காலமானால் ஒரு பையில் ஆணுறை, ஒரு மரக்கட்டை, படம் போட்ட அட்டை எல்லாம் எடுத்துக்கொண்டு டிரைவர்கள் நடுவே உட்காருவான். கேலி செய்தவனெல்லாம் போகும்போது யாரும் பார்க்காமல் கையை நீட்டி வாங்கிக்கொண்டு போனான். அதில் வேம்புலிக்கு ஒரு பெருமை இருந்தது. இல்லை என்று சொல்ல முடியாது.

பிறகு ரத்தம் எடுக்க வண்டி வந்தது. குடோன் வாசலிலேயே நின்றது. ஒருத்தனும் பக்கத்தில் போகவில்லை. வேம்புலிதான் ஒவ்வொருத்தனாகப் பிடித்தான். "பேர் எய்த மாட்டாங்க, நம்பர்தான். ரிசல்ட்டு உனக்கும் டாக்டருக்கும்தான் தெரியும். உன் பொண்டாட்டிக்கே நீ சொன்னாத்தான் உண்டு. எம்மேல நம்பிக்க கீதா இல்லியா?" அவன்மேல் நம்பிக்கை இருந்தது. கன்னியப்பன் உட்பட எல்லாரும் கையை நீட்டினார்கள். நீட்டினார்களே தவிர, மேனாம்பேட்டுக்குப் போய் ரிசல்ட்டை வாங்க ஒருவனுக்கும் தைரியம் வரவில்லை. காய்ச்சல் விட்டு விட்டு வந்து ஆள் பாதியாகியிருந்த மதுரைவீரன் மட்டும் போனான். கிருமி இருக்கிறதென்று வந்து வேம்புலியிடம் சொன்னான். வேம்புலி தன் மனைவியிடம்கூட மூச்சு விடவில்லை.

ஆனால் ஒரு நாள் நல்லொளியின் கள அலுவலர் இராமகிருஷ்ணன், கையில் பழப்பையோடு குடோன் முதலாளியைப் பார்க்க வந்தார். உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். அவர் போனதும் முதலாளி மேஸ்திரியைக் கூப்பிட்டார். மதியம் சோற்றுக்கு உட்காரும்போது மதுரைவீரனைச் சுற்றி இடம் காலியாக இருந்தது.

காட்டுப்பாக்கத்தில் இரண்டு வீடும் ஒரே தெரு. குடோனே சிரித்த அன்றைக்குச் சாயங்காலம் மதுரைவீரன் மனைவி சொர்ணம் வேம்புலி வாசலில் வந்து நின்றாள். கூச்சல் போட்டிருந்தால் தாங்கியிருப்பான். அவள் குரலைத் தாழ்த்தித்தான் பேசினாள்.

"உன் பேச்ச நம்பித்தானே அண்ணா கைய நீட்டுச்சி? நான் வாணாம்னேன். வேம்புலி சொல்லுது, அது பொய் சொல்லாதுன்னுச்சி. இப்ப இன்னா சொல்ற? குயாயடில என் கொடத்த ஒருத்தி காலால தள்ளிட்டா. என் கொடத்த."



மறுநாள் வேம்புலி வேலைக்குப் போகாமல் மேனாம்பேட்டுக்குப் போனான். நல்லொளி அலுவலகத்தில் கல்யாண வீடு மாதிரி அமளி. மஞ்சள் டி-சர்ட் கட்டுக் கட்டாக அடுக்கியிருந்தது. தொப்பிகள் மூட்டையாகக் கிடந்தன. தரையில் பேனரை விரித்து ஒருத்தர் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார். பணம் கொடுக்கும் வெளிநாட்டுக்காரர்கள் வேலையைப் பார்க்க வெள்ளிக்கிழமை வருகிறார்களாம். அதுவும் குடோனுக்கே வருகிறார்களாம்.

"வாங்க வேம்புலி, நானே ஆள் அனுப்பணும்னு இருந்தேன்," என்றார் இராமகிருஷ்ணன். "வெள்ளிக்கிழமை நீங்கதான் பேசணும். அந்த டெமோ இருக்கு பாருங்க, நீங்க செஞ்சாத்தான் களைகட்டும்."

"சார், மொதலாளியாண்ட இன்னாத்துக்கு சார் சொன்ன?"

இராமகிருஷ்ணன் முகம் விழுந்தது. கெட்ட மனிதர் இல்லை. ஆஸ்பத்திரியில் எவனுக்கும் கூச்சமில்லாமல் முதுகு துடைத்துவிடுகிறவர். அதனால்தான் வேம்புலிக்குக் கோபம் இரண்டு மடங்காக இருந்தது. கெட்டவன் என்றால் ஒரு அறையோடு போகும்.

"நல்லதுக்குத்தான் வேம்புலி போனேன். அவரால இனிமே பழைய மாதிரி மூட்டை தூக்க முடியாது. வாட்ச்மேன் மாதிரி லேசான வேலை ஏதாவது குடுங்கன்னு முதலாளிகிட்ட கேட்டேன். அவரும் சரின்னுதான் சொன்னார்."

"வீரன் கேட்டானா?"

"இல்ல, ஆனா..."

"சார் எனக்கு வாச்மேன் வேல வாங்கிக் குடுன்னு அவன் உன்னாண்ட வந்து கேட்டானா சார்?"

"கேக்கல."

"அப்ப யாரு கேட்டா?"

இராமகிருஷ்ணன் பேனரைப் பார்த்தார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார். திட்டத்தில் முதலாளிகள் பங்களிப்பு என்று ஒரு பகுதி இருக்கிறதாம். அதில் இதுவரை ஒன்றுமே காட்ட முடியவில்லையாம். நோய் வந்த தொழிலாளிக்கு இதோ ஒரு முதலாளி மாற்று வேலை கொடுத்தார் என்று வருகிறவர்களுக்குக் காட்டினால் அடுத்த வருஷத்துப் பணம் நிற்காதாம். பணம் நின்றால் ஆஸ்பத்திரி வண்டியும் நின்றுவிடுமாம்.

"அதாவது, அவன புடிச்சி கண்ணாடிப் பொட்டில வெக்கப் பாத்த."

"அப்படிச் சொல்லாதீங்க."

"எப்டி சொல்ல? நம்பர்தான், பேர் இல்லன்னு என் வாயால சொல்ல வெச்ச. என் வாயி சார் அது. இன்னொருத்தன் வாயி இல்ல. மூட்ட தூக்கறவனுக்கு வாய்ச்சொல்ல உட்டா வேற இன்னா சொத்து கீது?"

பெயிண்ட் அடிக்கிறவர் தூரிகையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். வேம்புலி அங்கிருந்த நாற்காலியில் உட்காரவில்லை. நின்றபடியே கேட்டான்.

"போவட்டும். உன் அட்டையில கொக்கியப் பத்தி இன்னா போட்டுக்கீது?"

"கொக்கியா?"

"ஆமா, கொக்கி. பிளேடு படம் கீது, ஊசி படம் கீது. எங்க குடோன்ல எவன் ஊசி போட்டுக்கிறான்? பொட்டில நூறு பேர் கை பட்ட கொக்கி கெடக்குது. கைக்கு வந்தத எடுத்துப்போம். ஒரு நாளைக்கு ஒருத்தன் முதுகாவது கீறும். அவனுங்க வீரன் பக்கத்துல குந்தறதுக்கு பயப்படல சார். எச்சில் டம்ளருக்கும் பயப்படல, அதெல்லாம் நான் சொல்லிச் சொல்லி வெளங்கிருச்சி. அந்தக் கொக்கிக்குத்தான் பயப்படறானுங்க. எனக்கும் விசயம் தெரிஞ்ச மொதநாளு முதுகு கூசிச்சி. ஒருத்தனாவது வந்து உங்களுக்கு எதுல பயம்னு கேட்டீங்களா?"

இராமகிருஷ்ணன் உள்ளே போய் டாக்டரம்மாவையே கூட்டி வந்தார். அந்த அம்மா பொறுமையாகச் சொன்னார். காற்றுப்பட்டு இரும்பில் காய்ந்த ரத்தத்தில் அந்தக் கிருமி தாக்குப்பிடிக்காது. கொக்கி கீறி ஒட்டிக்கொள்ளும் என்று பயப்பட வேண்டியதே இல்லை. ஆனாலும் துருப்பிடித்த கொக்கி வேறு விதத்தில் ஆபத்து. அவரவருக்கு ஒன்று இருப்பதுதான் எல்லாருக்குமே நல்லது.

"அத்த அங்க வந்து சொல்லும்மா. ஆளுக்கொரு கொக்கி வாங்கிக் குடுத்துருங்க. பேச்சே முடிஞ்சிரும்."

டாக்டரம்மா இராமகிருஷ்ணனைப் பார்த்தார். இராமகிருஷ்ணன் கழுத்தைத் தடவினார். "கொக்கிக்கு ஹெட் இல்லீங்களே."

"ஹெட்டுன்னா?"

"எதுக்கு எவ்வளவு செலவு பண்ணலாம்னு அவங்க தலைப்புப் போட்டுத்தான் பணம் அனுப்புவாங்க. டி-சர்ட்டுக்கு இருக்கு. தொப்பிக்கு இருக்கு. தெருக்கூத்துக்கு இருக்கு. இரும்புச் சாமானுக்கு இல்ல. மாத்தணும்னா எழுதிப் போட்டு, அவங்க கூட்டத்துல வெச்சு, அடுத்த வருஷம்..."

வேம்புலி தொப்பி மூட்டையைக் காலால் ஒரு எத்து எத்தினான். மஞ்சள் தொப்பிகள் ஈரப் பேனர்மேல் உருண்டன.

"மருந்து கண்டுபுடிச்சிட்டாங்களாமே வெளிநாட்டுல? வீரன் டீக்கட பேப்பர்ல பாத்துட்டு கேட்டுகினே கீறான்."

"மூணு மருந்து சேத்துச் சாப்பிட்டா ஆள் எழுந்து நடக்கறாங்கன்னு சொல்றாங்க. முழுசா குணம் இல்ல. இங்க வர நாளாகும். விலையும் நம்மால..." என்று இழுத்தார் டாக்டரம்மா.

"ரத்தம் மட்டும் சட்டுனு எடுத்துக்கத் தெரியுது," என்று சொல்லிவிட்டு வேம்புலி வெளியே வந்தான். பஸ் ஏறவில்லை. அந்த வெயிலில் கால்போன போக்கில் வெகுதூரம் நடந்துவிட்டு, பிறகுதான் பஸ் பிடித்தான்.

சாயங்காலம் டீக்கடையில் கன்னியப்பன் பெஞ்சில் குந்தியிருந்தான். வேம்புலியைப் பார்த்ததும், "வாங்க பலூன், வியாபாரம் எப்டி?" என்றான்.

வேம்புலி அவன் பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்தான். "உன் ரிசல்ட்டு வாங்கினியா மாமே?"

கன்னியப்பன் டீயை ஆற்றினான். ஆறின டீயையே திரும்பத் திரும்ப ஆற்றினான்.

"நல்லபடியா வந்தா சரி. நான் வேண்டிக்கிறேன். வேற மாரி வந்தா இன்னா பண்ணுவ? அந்தத் தூணாண்ட ரெண்டு பேர் நிக்கலாம். எடம் தாராளமா கீது."

"வாயக் கழுவுடா பேமானி!"

"நீ போவவே மாட்ட. நீ மட்டுமா, எவனும் போவமாட்டான். வீரன் போனதால தான்டா அவன் தூணாண்ட நிக்கிறான். ஒன்னியும் தெரிஞ்சிக்காம கீறவன்லாம் ஜோரா ஜோடி போட்டு மூட்ட தூக்கறோம். இன்னா நாயம் இது? நம்ம கொக்கில யாரு ரத்தம் கீதுன்னு உனக்குத் தெரியுமா? வீரனுது மட்டும் தான் தெரியும். அவன அனுப்பிட்டா மத்ததெல்லாம் பன்னீரா?"

சுற்றியிருந்தவர்கள் அவரவர் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கன்னியப்பன் கடைசியில், "இப்ப இன்னான்ற நீ?" என்றான். அதில் கிண்டல் இல்லை.

வேம்புலி சொன்னான்.

வெள்ளிக்கிழமை குடோன் வாசலில் ஷாமியானா போட்டிருந்தது. முதலாளி வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். சந்தனம், கல்கண்டு, பன்னீர்ச் செம்பு எல்லாம் மேசைமேல் தயார். சரக்கு ஏற்ற வேண்டிய லாரிகள் பூந்தமல்லி பக்கம் மூக்கைக் காட்டிக்கொண்டு வரிசையாக நின்றன. நாகப்பன் வழக்கம்போல ஜோடி கூப்பிட வாயைத் திறந்தான். ஆட்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் தரையில் உட்கார்ந்தார்கள்.

"இன்னாடா இது? எய்ந்திருங்க! வெளிநாட்டுக்காரங்க வர்ற நேரம்!"

"கொக்கி வோணும் மேஸ்திரி," என்றான் வேம்புலி. "ஆளுக்கொண்ணு. புதுசு. அவனவன் ஊட்டுக்கு எடுத்துகினு போவான், அவனவன் கொண்டாருவான்."

"அத்த அப்பால பேசலாம்."

"அப்பாலயே மூட்டயும் தூக்கலாம்."

முதலாளி வந்து கத்தினார். நன்றி கெட்டவர்கள் என்றார். ஆவடியிலிருந்து வேறு ஆள் இறக்குவேன் என்றார். அதற்குள் வெள்ளை வேன் நெடுஞ்சாலையிலிருந்து திரும்பி உள்ளே வந்தது. வெள்ளைக்கார அம்மா ஒருத்தியும் இரண்டு ஆண்களும் இறங்கினார்கள். இராமகிருஷ்ணன் மஞ்சள் தொப்பியோடு முன்னால் ஓடி வந்து, உட்கார்ந்திருக்கும் கூட்டத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். அந்த அம்மா இரண்டு கையையும் குவித்து எல்லாருக்கும் வணக்கம் சொன்னாள். கூட்டம் கேட்க உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது.

முதலாளிக்கு வேர்த்தது. ஓரமாகப் போய்க் கணக்குப்பிள்ளையின் காதைக் கடித்தார். கணக்குப்பிள்ளை முதலாளியின் காரிலேயே பூந்தமல்லிக்குப் பறந்தார். அங்கே தஸ்தகீர் பாய் பட்டறையில் கொக்கி எப்போதும் அடித்துத் தொங்கும். வருகிறவரை விருந்தாளிகளுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்து ஒப்பேற்றினார்கள். கொக்கிகள் சாக்கில் வந்து இறங்கின. எண்ணெய் மினுமினுப்போடு, மரப்பிடி போட்டு, கையில் எடுத்தால் விட மனசு வராத கொக்கிகள். இத்தனை வருஷம் கேட்டுக் கேட்டுக் கிடைக்காதது. ஆட்கள் ஒவ்வொருத்தராக வாங்கி, பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். மதுரைவீரன் தூணோரமிருந்து கையை நீட்டினான்.

"அவனுக்கு வாணாம்," என்றார் முதலாளி. "அவன் வாசல் கேட்டாண்ட ஸ்டூல் போட்டு குந்தட்டும். சாருக்கு வாக்கு குடுத்துட்டேன். சம்பளம் தர்றேன். மூட்டையாண்ட மட்டும் வரவேணாம்."

மதுரைவீரன் கை நீட்டியபடியே இருந்தது.

"எய்ந்திருங்கடா, அதான் கொக்கி வந்துருச்சே," என்றான் நாகப்பன்.

சிலர் எழுந்தார்கள். கொக்கி கிடைத்துவிட்டது, வெயில் ஏறுகிறது, லாரி நிற்கிறது. வேம்புலி அவர்களைப் பார்த்தான். திட்ட வேண்டும் போலிருந்தது. கொக்கிக்காகவா இவ்வளவும் என்று நினைத்தான். இவனுங்களுக்காகவா வாயைக் கொடுத்தேன்.

மதுரைவீரன்தான் பேசினான். வாரம் முழுக்க வாய் திறக்காதவன்.

"மொதலாளி, நானா வந்து உன்னாண்ட ஸ்டூல் கேட்டேன்? எனக்குத் தூக்க முடியாதப்ப நானே சொல்றேன். அது வரைக்கும் என் பேர கூப்புடு. இந்த வெள்ளக்காரங்களுக்குக் காட்டறதுக்கு நான் வாச்மேனா குந்த மாட்டேன். வேம்புலி, நீயும் ஒன்னியும் எனக்காவப் பேச வாணாம். நீ பேசனது போதும்."

அந்தக் கடைசி வார்த்தை வேம்புலியின் நெஞ்சில் போய்க் குத்தியது. சரியாகத்தான் குத்தியது.

எழுந்து நின்றவர்கள் எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் நின்றார்கள். உட்கார்ந்தபடியே இருந்த கன்னியப்பன் புதுக் கொக்கியைச் சிமெண்டுத் தரையில் ஓங்கிக் கொத்தினான். பொறி பறந்தது. "யோவ் மேஸ்திரி, பேர கூப்புடுய்யா. அதான் உன் வேல. அவன் பேரு இல்லாம என் பேர கூப்புட்டா நான் எய்ந்துக்க மாட்டேன்." பிறகு எழுந்தவர்களைப் பார்த்து, "உங்க நம்பருங்கல்லாம் மேனாம்பேட்டுலதான்டா குந்திகினு கீது. குந்துங்கடா கீய," என்றான்.

முதலில் ஒருத்தன் உட்கார்ந்தான். பிறகு அவன் ஜோடி. எல்லாரும் உட்காரவில்லை. இரண்டொருவர் கடைசிவரை நின்றுகொண்டேதான் இருந்தார்கள். லாரிக்காரன் ஒருத்தன் ஹாரனை அழுத்திப் பிடித்தான். வெள்ளைக்கார அம்மா என்ன நடக்கிறது என்று கேட்டிருப்பாள். இராமகிருஷ்ணன் அவளிடம் ஏதோ இங்கிலீஷில் சொன்னார், அவள் தலையை ஆட்டிச் சிரித்தாள்.

முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டு நாகப்பனுக்குக் கண் காட்டினார்.

"வேம்புலி, மதுரைவீரன்," என்று கூப்பிட்டான் நாகப்பன், யாரையும் பார்க்காமல்.

மதுரைவீரன் சாக்கிலிருந்து தானே ஒரு கொக்கியைப் பொறுக்கிக்கொண்டான். இருவரும் அரிசி மூட்டையின் இரு பக்கமும் குனிந்தார்கள். மதுரைவீரனுக்கு விலா எலும்பு ஒவ்வொன்றாகத் தெரிந்தது.

"முடியுமாடா?" என்றான் வேம்புலி தாழ்ந்த குரலில்.

"மூடிகினு தூக்கு."

தூக்கினார்கள். மூட்டை எழும்பின மூச்சில் வேம்புலி திரும்பி முதுகைக் கொடுத்தான். பாரம் வந்து இறங்கியது. பின்னால் கொக்கி மாட்டிய சத்தம் கேட்டது, தோள்பட்டைக்குக் கொஞ்சம் கீழே. முதுகு கூசவில்லை என்று சொன்னால் பொய். கூசியதோடேயே நடந்தான்.

லாரிக்குப் போகிற வழியில் இராமகிருஷ்ணன் குறுக்கே வந்தார். முகமெல்லாம் வேர்வை. "வேம்புலி, நடந்தது நடந்துபோச்சு. ஒரே ஒரு நிமிஷம் ஷாமியானாவுல வந்து ரெண்டு வார்த்தை மட்டும் சொல்லிட்டுப் போயிடுங்க. அவங்க உங்கள எதிர்பார்த்துத்தான் வந்திருக்காங்க. ப்ளீஸ்."

வேம்புலியால் தலையை நிமிர்த்த முடியவில்லை. அவருடைய செருப்புக் கால்தான் தெரிந்தது.

"வயி உடு சார்."

அவர் விலகுகிறவரை அந்தப் பாரத்தோடு அப்படியே நின்றான். பின்னால் மதுரைவீரன் இரைத்துக்கொண்டே தாங்கிப் பிடித்திருந்தான்.